கூடாரத்தில் விழுந்த அறை

பிப்ரவரி 9, 1992. ஞாயிறு. டெல் அவிவ்

மழை. இந்த வருஷம் நிற்கவே மாட்டேன் என்கிறது. காலையிலேயே இயக்குநர் ஓதெத் போன் செய்தான். பெசாஹ் பண்டிகைக்குள் திரைக்கதை கைக்கு வர வேண்டுமாம், மே மாதம் படப்பிடிப்பு. "எல்லாத்தையும் மாத்துங்க திக்வா, அந்த அறை விழற காட்சியை மட்டும் தொட்றாதீங்க. அதுக்காகத்தான் நான் இந்தப் படத்தையே எடுக்கறேன்" என்றான்.

யார்தான் அதற்காக வரவில்லை? பதினேழு வருஷமாக என் பெயரே அந்த ஒரு அறைதான். 'நாற்பத்தொன்றாம் கூடாரம்' நாடகம். பாக்தாத்திலிருந்து இஸ்ரேலுக்கு வந்த யூதக் குடும்பம், அகதி முகாம், வெள்ளம். மண்ணெண்ணெய் இல்லாத இரவில் அப்பா அம்மாவை அறைகிறார். விளக்கு அணைகிறது. பார்க்கிறவர்கள் மூச்சை இழுத்துக்கொள்வது பின்வரிசை வரை கேட்கும். அதற்குப் பிறகு நான் எழுதிய ஆறு நாடகங்களையும் இரண்டு தொலைக்காட்சித் தொடர்களையும் யாருக்கும் நினைவில்லை.

"நடந்ததா?" என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். "ஒவ்வொரு வரியும் நடந்தது" என்பேன்.

பிப்ரவரி 12

மூன்று பக்கம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன்.

பிப்ரவரி 18. செவ்வாய்

ஒரு சின்ன விஷயம் கேட்கத்தான் ரமாத் கானுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கூடாரத்தில் விளக்கு எந்தப் பக்கம் தொங்கியது? ஓதெத்துக்குப் படம் வரைந்து கொடுக்க வேண்டும். முகாமில் எனக்கு ஐந்து வயது, நஸீமா அக்காவுக்குப் பதின்மூன்று. குழம்பில் போடும் கூப்பா உருண்டைகளை உருட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்க ரவை.

"வாசல் பக்கம்" என்றாள். பிறகு சாதாரணமாக, "அதனாலதான் அம்மா கை ஓங்கினது எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது."

"அம்மா கையா?"

"பின்னே?"

"அடிச்சது அப்பா."

அவள் உருண்டையைக் கீழே வைத்தாள். "திக்வா, அது உன் நாடகம்டி. அடிச்சது அம்மா. உனக்குக் காய்ச்சல் கொதிக்குது. அப்பா மூணு மணி நேரம் மண்ணெண்ணெய் வண்டிக்கு நின்னுட்டு வெறுங்கையோட வந்தாரு. முன்னாடி ஒரு கிழவிக்கு இடம் விட்டாராம், அதோட தீர்ந்துபோச்சாம். 'நீ என்ன இன்னும் பேங்க் ஆபீசரா?'ன்னு கேட்டு அம்மா விட்டா ஒண்ணு. அவர் தொப்பி சேத்துல விழுந்துச்சு."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"நீ கேட்டியா?"

பஸ்ஸில் திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

பிப்ரவரி 19

நான் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். ஒரு கை மேலே போனது. சத்தம். பிறகு யாரோ அழுதார்கள்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். யார் கை? அந்தக் கையில் மோதிரம் மின்னியது. அப்பா மோதிரம் போட்டு நான் பார்த்ததேயில்லை.

அல்லது மோதிரத்தை நேற்றுதான் சேர்த்தேனா? அக்கா சொன்ன பிறகு? எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 23

நாடகம் முதல் முறை நடந்த நாளை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் இரண்டாவது வரிசை. முடிந்ததும் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேட்டேன். "ரொம்ப இருட்டு, ஒண்ணும் தெரியலை" என்றாள். அவளுக்கு நாடகம் பார்க்கத் தெரியாது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

அக்காவிடம் போனில் சொன்னேன். "அம்மா அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதா. 'புள்ளை பேர் எடுத்திருக்கா, வாயைத் திறக்காதே'ன்னு அடக்கினது அப்பாதான்" என்றாள்.

அம்மா போய் மூன்று வருஷம். இனி யாரிடம் கேட்பது?

மார்ச் 3

அப்பாவைப் போய்ப் பார்த்தேன். வழக்கமான காப்பிக்கடை, பகடைப் பலகை, எதிரே அதே மூன்று பேர். ஒருவர் என்னைப் பார்த்ததும், "சாசூன், எழுத்தாளரம்மா வந்தாச்சு. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு, இல்லேன்னா அதையும் எழுதிடுவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்.

இந்தக் கேலி எத்தனை வருஷமாக நடக்கிறது? இதுவரை என் காதில் ஏன் விழவில்லை?

வெளியே அழைத்துவந்து கேட்டேன். "அன்னைக்கு அடிச்சது யாருப்பா?"

"எந்த அன்னைக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"ஜனங்க அழுதாங்க இல்ல? உனக்குப் பரிசு குடுத்தாங்க இல்ல? அப்புறம் என்ன, கண்ணு?" பகடை உருட்டப் போய்விட்டார்.

மார்ச் 17

மாற்றி எழுதிவிட்டேன். அம்மா அடிக்கிறாள். தொப்பி, சேறு எல்லாம் இருக்கிறது. ஓதெத் படித்துவிட்டுக் குதித்தான். "இது அதை விட பிரமாதம்! இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

சந்தோஷப்படுகிறேனா? உண்மையை எழுதியிருக்கிறேன். அப்பாவின் கறையைத் துடைத்திருக்கிறேன். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

ஏப்ரல் 17. வெள்ளி. பெசாஹ்

அக்கா வீட்டில் பண்டிகை விருந்து. விருந்துக்கு முன் சமையலறையில் அப்பாவிடம் சொன்னேன். படத்தில் உங்களை நிரபராதி ஆக்கிவிட்டேன், அடிப்பது அம்மா என்றேன். நன்றி சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா கத்தி நான் கேட்டதில்லை. இன்றும் கத்தவில்லை. குரல் இன்னும் சின்னதாகிவிட்டது.

"என்னைச் சொன்னே. பொறுத்துக்கிட்டேன். அவளைச் சொல்லாதே."

"ஆனா அதுதானேப்பா நடந்தது?"

"நடந்ததுதான். அதுக்கப்புறமும் முப்பத்தெட்டு வருஷம் எனக்குச் சோறு போட்டா, அதுவும் நடந்தது. அதை எவன் படம் எடுக்கறான்? நான் உயிரோட இருக்கேன், யார் என்ன சொன்னாலும் தாங்கிக்குவேன். அவ எழுந்து வந்து பதில் சொல்வாளா? அந்த ஒரு கையை மட்டும் ஊரெல்லாம் பார்க்கணுமா?"

அவர் விருந்துக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளோடு பாடினார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே நின்றேன்.

ஏப்ரல் 20

பொய்யை எழுதினால் அப்பா கெட்டவர். உண்மையை எழுதினால் அம்மா. இரண்டையும் விட்டால் படம் இல்லை. ஐயோ, இது என்ன கண்றாவி! யாருடைய வீடு இது, யாருடைய கதை? என்னுடையது என்று எந்த தைரியத்தில் எடுத்தேன்?

மே 5

பழையபடியே கொடுத்துவிட்டேன். அப்பா அடிக்கிறார். ஓதெத் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, "சரி, அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று படப்பிடிப்பை ஜூனுக்குத் தள்ளிவைத்தான். அவனுக்கு எந்தக் கையானாலும் சரி.

ஜூன் 2

படப்பிடிப்பு. அப்பாவாக நடிப்பவருக்கு என் வயதுகூட இருக்காது. ஒன்பது முறை அறைந்தார். நான் நான்காவதில் எழுந்து போனேன்.

நவம்பர் 10. செவ்வாய்

நாளை மறுநாள் படம் வெளியாகிறது. சுவரெல்லாம் அந்த நடிகரின் ஓங்கிய கை. காப்பிக்கடைக்கு எதிர்ச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள்.

நவம்பர் 11. புதன்

காலையில் வானொலிப் பேட்டி, நேரடி ஒலிபரப்பு. ஓதெத் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேட்டி எடுத்த பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "அந்த அறை உங்க வீட்டிலே நடந்தது, இல்லையா?"

வாயில் பழைய பதில் தயாராக இருந்தது.

"இல்லை" என்றேன். "எங்கப்பா எங்கம்மாவை ஒரு நாளும் அடிச்சதில்லை. அது நான் எழுதினது."

"கற்பனையா? ஆனா ஒவ்வொரு வரியும் நடந்ததுன்னு..."

"பதினேழு வருஷமா அப்படித்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். எங்கப்பா பேரு சாசூன், ரமாத் கான்லதான் இருக்கார். அவர் கேட்டுக்கிட்டிருந்தா, மன்னிச்சுக்கணும்."

ஓதெத் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். வெளியே வந்ததும், "படத்தைக் கொன்னுட்டீங்க" என்றான். இருக்கலாம். திட்டமிட்டா சொன்னேன்? இல்லை. வாய் தானாகத் திறந்தது. நான் சொன்னது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதியை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 13

செய்தித்தாளில் தலைப்பு: 'பதினேழு வருடப் பொய்'. கீழே என் படம், எப்போதோ பரிசு வாங்கும்போது எடுத்தது.

அக்கா போனில்: "நீ என்ன பைத்தியமா?" பிறகு: "அம்மா பேரை எடுக்கலை. நல்லது."

அப்பாவிடமிருந்து ஒன்றுமில்லை.

நவம்பர் 26

இரண்டு வாரத்தில் படத்தைத் தியேட்டர்களிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒப்புக்கொண்ட புதுத் தொடரைப் பற்றித் தொலைக்காட்சிக்காரர்கள் பேச்சை எடுப்பதில்லை. போன் அடிப்பதே இல்லை.

டிசம்பர் 8. செவ்வாய்

மதியம் கதவு தட்டும் சத்தம். அப்பா. இரண்டு பஸ் மாறி, அக்கா கட்டிக்கொடுத்த சம்புசக் பலகாரப் பொட்டலத்தோடு. தனியாக என் வீட்டுக்கு அவர் வந்ததேயில்லை.

வானொலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேநீர் குடித்தார். மேஜையைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"இப்ப என்ன எழுதறே?"

இதையும் அவர் கேட்டதில்லை. "ஒண்ணும் தெரியலைப்பா" என்றேன்.

"நான் சைக்கிள் கத்துக்கிட்டதை எழுதேன். பாக்தாத்ல, ஆத்தங்கரை ரோட்டுல. கடன் வாங்கின சைக்கிள், இங்கிலீஷ்காரன் வண்டி. அதுல யாரும் யாரையும் அடிக்கலை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "உங்கம்மா வீட்டு வாசல்லதான் முதல்ல விழுந்தேன். அவ மாடியிலேர்ந்து பார்த்தா. எழுந்து ஓட்டினேன், மறுபடி அங்கேயே விழுந்தேன். மொத்தம் மூணு தடவை. இல்ல, நாலு."

"மூணா, நாலா?"

"எழுதறவ நீதானே. எது நல்லா இருக்கோ அதைப் போட்டுக்கோ."

"இல்லப்பா. நீங்க சொல்லுங்க."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.