மேப்பிள் வளைவில் காட்டிய கை

பிப்ரவரி 4, செவ்வாய்

யோலண்டா பிரிஸ்கோவின் ரத்தத்தில் மது இல்லை. துளிகூட இல்லை. மாநில ஆய்வக அறிக்கை இன்று காலை வந்தது. துணை ஷெரீஃப் ராய்ஸ் ஹோம்கிரென் தொலைபேசியில் வாசித்தார்; நான் திருப்பி வாசித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

முடித்ததும் அவர் சொன்னது: "இத பேப்பர்ல ரொம்பப் பெருசா போட்டுடாத லோர்னா. ஊர் இருக்கிற நிலைமைல."

ஊர் வேறொன்றை எதிர்பார்த்திருந்தது. ஜனவரி 25, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. காட்டுக்குள் பனிவண்டிகள் ஓடும் ஒன்பதாம் தடம், மேப்பிள் வளைவு. மெல்வின் சாரியின் பனிவண்டியும் யோலண்டாவின் பனிவண்டியும் நேருக்கு நேர் மோதின. மெல்வின் அங்கேயே இறந்தான். வயது ஐம்பத்தெட்டு. அந்தப் பெண்ணுக்குத் தோள் எலும்பு முறிவு. இல்லினாயில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வார விடுமுறைக்கு அக்காவுடன் வந்தவர். குடித்திருப்பார் என்று அன்று மாலையே ஊர் முடிவு கட்டிவிட்டது.

அவருடைய வண்டி நடுக்கோட்டை இருபத்திரண்டு அங்குலம் தாண்டியிருந்தது. அளந்தவர் ராய்ஸ். மெல்வின் எந்தப் பக்கம் வந்தான் என்று தெரியாது. அவன் வண்டி பதித்த கோட்டின் மேல் மீட்பு வண்டி ஏறிப் போய்விட்டது.

மெல்வினுக்கு நூறு கெஜம் முன்னால் போனவன் என் தம்பி டுவேன். தட விதிப்படி எதிரே வருகிறவர்களுக்கு, நமக்குப் பின்னால் எத்தனை வண்டியோ அத்தனை விரல் காட்ட வேண்டும். கடைசி வண்டிக்காரர் கையை மூடிக் காட்டுவார். ஒரு விரல் காட்டியதாக டுவேன் வாக்குமூலம். மூடிய கையைப் பார்த்து, இனி யாரும் வரவில்லை என்று நம்பி வளைவை உள்ளே வெட்டித் திரும்பியதாக அந்தப் பெண் வாக்குமூலம். பின்னால் வந்த அக்கா கவனிக்கவில்லை.

மது இல்லை என்பதைச் செய்தியின் ஆறாவது பத்தியில் வைத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

அச்சுக்குப் போயிற்று. பிழை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8, சனி

மெல்வினின் மனைவி பெவர்லி சாப்பாட்டுக் கடையை மறுபடி திறந்துவிட்டாள். வெளியே முப்பது பனிவண்டிகள், பாதிக்கு மேல் வெளியூர். வெளியூர்க்காரர்களுக்கு ஆறிய காபி. அவர்கள் குடிக்கிறார்கள், வேறு கடை இல்லை.

பதினொரு மணிக்கு அந்தப் பெண் உள்ளே வந்தார். கை கழுத்துத் துணிக்கட்டில் தொங்கியது. ஷெரீஃப் அலுவலகத்தில் இரண்டாவது வாக்குமூலம் கொடுக்க வந்தவர், நேரே இங்கே வந்திருக்கிறார்.

"மிசஸ் சாரி, நான்தான்..."

"தெரியும். பேப்பர்ல படம் பாத்தேன்," என்றாள் பெவர்லி. "நேர்ல இன்னும் நல்லா தேறித்தான் இருக்க. என் வீட்டுக்காரர அடையாளம் காட்ட என்னத் துணிய விலக்கவே விடல."

"மன்னிப்பு கேக்க வந்தேங்க."

"கேட்டாச்சுல்ல. கதவு அந்தப் பக்கம்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். விதி தெரியாம நான் ஓட்டல. பெட்ரோல் பங்க்ல ஒட்டியிருந்த கை சைகை அட்டையப் படிச்சேன். என் அக்காவுக்கும் படிச்சுக் காட்டினேன். முன்னால வந்தவர் கைய மூடித்தான் காட்டினார். என் பிள்ளைங்க மேல சத்தியமா."

தடச் சங்கத் தலைவர் எர்ல் நீமி, இருக்கையில் திரும்பி, கையை மூடித் தலைக்கு மேல் தூக்கினார்.

"இப்படியா மேடம்?"

ஒருவன் சிரித்தான். அடுத்த மேசையில் இன்னொரு கை எழும்பியது. "இல்ல எர்ல், கொஞ்சம் சாய்ச்சுக் காட்டு, அவங்களுக்குப் புரியட்டும்." உள்ளூர் மேசைகள் முழுக்கச் சிரிப்பு. பெவர்லியும் சிரித்தாள். அவள் புருஷன் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. தரை இளகும்வரை கல்லறைத் தோட்டத்துக் குளிர் அறையில் கிடக்கிறான்.

அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வெளியே போனார். ஒற்றைக் கையால் கதவை இழுக்கச் சிரமப்பட்டார். பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

ஏன் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். பின்னால் ஆள் வரும்போதே கையை மூடிக் காட்டுவது இங்கே ஒரு விளையாட்டு. வெளியூர்க்காரர்களிடம் மட்டும். அவர்கள் நிம்மதியாக வளைவில் திரும்புவார்கள். எதிரே நடுத் தடத்தில் நம் ஆள் வருவான். அலறிப் பனிக்குவியலில் பாய்வார்கள். தவளை விடுவது என்று பெயர். அவர்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. போன பருவத்தில் பெல்கோலா தோட்டத்தில் நாற்பது பைன் கன்றுகளை நசுக்கிவிட்டுப் போனார்கள். நானும் ஒரு தடவை கையை மூடிக் காட்டியிருக்கிறேன்.

டுவேன் என்ன காட்டினான்? கேட்கக் கூடாது. கேட்டால் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்டேன்.

என் கூரைப் பனியை வாரிவிட வந்திருந்தான். இறங்கிக் கையுறையைக் கழற்றும்போது கேட்டேன்.

"எத்தன விரல்டா காட்டின?"

"வாக்குமூலத்துல இருக்கு."

"அதப் படிச்சேன். உன்கிட்ட கேக்கறேன்."

வாரியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டே இருந்தான். "மெல்வின்தான் கேட்டான். பாதி வழில வண்டிய நிறுத்திட்டு, 'இன்னிக்கு ரெண்டு தவள விடலாம்டா'ன்னான். நான் கைய மூடினேன், அவன் நடுவுல வந்தான். எப்பவும் போலத்தான் அக்கா. எல்லாரும் பாய்வாங்க. இவ பாயல. பிரேக் போட்டா."

"அந்தப் பொம்பளைக்கு வேலை போயிடும். ஜெயில்கூட."

"எனக்கு மெல்வின் போயிட்டான். ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து ஒண்ணா இருந்தவன்." வாரியைச் சுவரில் சாய்த்தான். "எழுதணுமா, எழுது. ஆனா முதல்ல பெவர்லிகிட்ட போ. உன் புருஷன் தவள விடப் போயிச் செத்தான்னு நீயே சொல்லு. அப்புறம் என்னையப் பிடிச்சுக் குடு."

கூரையின் மறுபக்கம் மீதி இருந்தது. மறுபடி ஏறி, அதையும் வாரிவிட்டுத்தான் போனான்.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதலாம். முப்பத்தொரு வருஷமா இதுதானே வேலை. யார் சொன்னாங்கன்னு போடணும்ல? என் தம்பி, என் வீட்டு வாசல்ல. அப்புறம் இந்த ஊர்ல எந்தக் கதவத் தட்டுறது? ராய்ஸுக்குத் தெரியாதா என்ன? எர்லுக்கு? அந்தக் கடைல சிரிச்ச அத்தன பேருக்கும் தெரியும். நான் மட்டும் எதுக்கு—

வேண்டாம். தூங்கவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, புதன்

அந்தப் பெண் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். பெட்ரோல் பங்க் அட்டையின் அடியில் எங்கள் பத்திரிகையின் பெயர் இருந்ததாம்.

"அத எழுதினது யாருங்க?"

"நான்தான்."

"தெளிவா இருந்துச்சு," என்றார். கோபம் இல்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்குக் கடைல எல்லாரும் சிரிச்சாங்க. ஏன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். வேணும்னே கைய மூடிக் காட்டுற பழக்கம் அங்க ஏதாவது இருக்கா?"

குறிப்பேடு முன்னால் திறந்திருந்தது. பதிலைச் சொல்வதற்கு முன் அதில் எழுதிப் பார்த்தேன்.

"அப்படி யாரும் ஷெரீஃப்கிட்ட சொன்னதா பதிவு இல்லைங்க."

"அப்ப சரி. நான்தான் தப்பாப் பாத்திருப்பேன் போல." நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

நான் சொன்ன வாக்கியம் சரியானது. ராய்ஸிடம் கேட்டால் அவரும் அதையே சொல்வார்.

பிப்ரவரி 20, வியாழன்

அந்தப் பெண் மீது குற்றப் பதிவு ஆயிற்று: கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்தது. அதிகபட்சம் ஓராண்டு சிறை. உறுதிப்படுத்தியது மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம். அவருடைய பள்ளி நிர்வாகம் அவரைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது. தொலைபேசியில் அவர்களே உறுதி செய்தார்கள். தண்டனை வந்தால் நிரந்தரமாக.

நேற்று தடச் சங்கக் கூட்டம். கை சைகை அட்டைகளை எல்லா பெட்ரோல் பங்கிலிருந்தும் எடுத்துவிடத் தீர்மானம். எதிர்த்து யாரும் இல்லை. காரணம் குறிப்பில் எழுதப்படவில்லை. அப்படியே போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

குற்றச்சாட்டை அந்தப் பெண் எதிர்க்கப் போவதில்லை. அவருடைய வழக்கறிஞர் சொன்ன காரணம்: டுவேனின் சொல்லுக்கு எதிராக அவருடைய சொல் மட்டுமே இருக்கிறது, இந்த மாவட்டத்து நடுவர் குழுவின் முன்னால் அது நிற்காது.

இல்லினாயிலிருந்து வருகிறவர்கள் இப்போது வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். கடையில் அதற்கும் சிரிப்பு.

மார்ச் 16, ஞாயிறு

தீர்ப்பு நாளில் இறந்தவர் குடும்பத்தின் சார்பில் ஓர் அறிக்கை வாசிக்கலாம். எழுதித் தரச் சொல்லி பெவர்லி கூப்பிட்டாள். சமையலறையில் மெல்வினின் தலைக்கவசம் மேசைமேல் இருந்தது.

"அவர் அவரோட பக்கத்துலதான் வந்துகிட்டு இருந்தார்னு போடு," என்றாள்.

"அது வேண்டாம் பெவ்."

"ஏன் வேண்டாம்?"

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். முதலில் கண்ணைத் திருப்பியது நான்.

"சரி," என்றாள். "இந்தத் தடத்துல நாப்பது வருஷம் ஓட்டினவர்னு போடு. அதுல ஒண்ணும் தப்பில்லல்ல?"

"இல்ல."

"அப்படியே எல்லாத்தையும் எழுதிடு. உனக்கு எழுதத் தெரியும்."

டுவேனுக்கு என்று ஒரு பெட்டியில் இறைச்சி அடைத்த பேஸ்டி கட்டிக் கொடுத்தாள். அவன் இளைத்துப் போயிருக்கிறானாம்.

மார்ச் 27, வியாழன்

நீதிமன்ற எழுத்தர் உறுதி செய்தார்: தீர்ப்பு ஏப்ரல் 9, புதன், காலை பத்து மணி. எத்தனை மாதம் என்பதை நீதிபதி அன்றுதான் சொல்வார். அந்தப் பெண் முந்தைய நாளே வந்து தங்க மூன்று விடுதிகளில் கேட்டிருக்கிறார். மூன்றிலும் இடம் இல்லை என்றார்களாம். பருவம் முடிந்து, மூன்றும் காலியாகக் கிடக்கின்றன. காரிலேயே விடிய விடிய ஓட்டி வருவார் போலிருக்கிறது.

பெவர்லியின் அறிக்கை முடிந்தது. நானூற்றுப் பத்து சொற்கள். நான்கு முறை திருத்தினேன். எந்த வரியையும் யாரும் மறுக்க முடியாது.

அழுகை வந்து தன்னால் முடிக்க முடியாது, நானே எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்று பெவர்லி கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன்.