தப்பிய வெள்ளைப் பூச்சிகள்

மார்ச் 3

டீச்சரம்மா ஆகிவிட்ட என் மகளுக்கு,

நேற்று உன் அம்மா முன்னால் மானம் போயிற்று. உன் பரிணாம வகுப்புக்கு நீ கேட்டபடி செய்தித்தாளிலும் வெள்ளைத்தாளிலும் பூச்சிகள் வெட்டினேன். விரித்த செய்தித்தாள்மேல் தூவி, நானே பறவையாகிப் பொறுக்கியும் பார்த்தேன். "பாதிக்குமேல தப்பிச்சிடுச்சுடி!" என்று பெருமையாகக் கத்தினேன். உன் அம்மா எட்டிப் பார்த்தாள். "ஓரமெல்லாம் வெள்ளைப் பூச்சியா பல்லிளிக்குது. நீங்க பறவையா பொறந்திருந்தா பட்டினிதான்" என்றாள். எட்டாம் வகுப்போடு நான் ஏன் நின்றேன் என்று இப்போது புரிகிறதா?

அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பா,

செய்தித்தாள் பூச்சி தப்புவதுதான் பாடம். வெள்ளைப் பூச்சி தப்பக்கூடாது. என் வகுப்பில் அதை யாரும் விட்டதே இல்லை. கண் டாக்டரைப் பாருங்கள். சாக்குச் சொன்னால் அம்மாவிடம் மாட்டிவிடுவேன்.

மகள்

ஏப்ரல் 2

மகளே,

போய் வந்தேன். பக்கப்பார்வை சுருங்கி வருகிறதாம்; முதலில் மங்கல் வெளிச்சத்தில்தான் தெரியாமல் போகுமாம். மருந்து கிடையாதாம். இனி அக்கம்பக்கம் பார்க்க முடியாது என்பதில் உன் அம்மாவுக்கு மட்டும் ஒரு நிம்மதி. "இது பரம்பரையா வர்றது, பொண்ணையும் வரச் சொல்லுங்க" என்றார் டாக்டர். உன் பறவை பொறுக்கித் தள்ளாமல் இது எப்படியம்மா இத்தனை தலைமுறை தப்பித்தது?

அப்பா

ஏப்ரல் 9

அப்பா,

பிள்ளை பெற்ற பிறகே தலைகாட்டுகிற நோயைப் பறவையால் பொறுக்க முடியாது. நோய் பரம்பரையாக வருவதை வகுப்பில் பையும் பொத்தானும் வைத்து நடத்துவேன். உங்கள் பையில் நோய்க்குக் கறுப்பு ஒன்று, நலத்துக்கு வெள்ளை ஒன்று. கண்ணை மூடி ஒன்றை எனக்கு எடுத்துப் போட்டீர்கள். பாதிக்குப் பாதி. வெள்ளை என்றே நான் வைத்துக்கொள்கிறேன். கறுப்பு என்று தெரிந்தால் மறுநாள் என்னால் வகுப்பில் நிற்க முடியாது. சோதனை வேண்டாம். இதைப் பற்றி இனி எழுதவும் வேண்டாம். விடுமுறைக்கு வருகிறேன்.

மகள்

மே 21

மகளே,

சௌகரியமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ விட்டுப்போன குடையை அம்மா அனுப்புகிறாள். இங்கே எல்லாரும் நலம்.

அப்பா

மே 21

மகளே,

இதைத் தபாலில் சேர்க்கப் போவதில்லை. நீ கிளம்பிய சாயங்காலம், வாசலில் செருப்பைக் காலால் துழாவினாய். காலடியில்தான் கிடந்திருக்கிறது. உன் அம்மா குனிந்து எடுத்துத் தந்தாள். "லைட்டைப் போட மாட்டியாடி?" என்று அவளைத்தான் திட்டினேன். நீகூடச் சிரித்தாய். நான் கேட்க வந்தது வேறு.

உனக்கும் தெரியலையாம்மா?