இரண்டு காகிதத்திலும் என் கையெழுத்து

திருவையாறு
3-2-1973

அன்பு மகள் அகிலாண்டத்துக்கு அம்மா எழுதுவது. டில்லிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம், அப்பாவுக்கு வலது கையும் காலும் அப்படியேதான், பேச்சு மட்டும் தெளிந்து பழைய அதிகாரம் திரும்பிவிட்டது.

நடமாட முடியாத கணவரைக் காப்பாற்றுகிறேன் என்று காட்டினால் வருமான வரியில் கழிவு உண்டு என்று எழுதியிருந்தாயே, எங்கள் பள்ளிக்கூட கிளார்க்கிடம் கேட்டேன், டாக்டர் சர்டிபிகேட் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். நம் நிலத்தைக் குத்தகைக்கு உழும் பக்கிரிதான் அப்பாவைத் தூக்கி வண்டியில் வைத்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இரண்டு வருஷமாக இவர் எந்த வேலையும் செய்ய இயலாதவர் என்று டாக்டர் எழுதி முத்திரை வைத்தார். படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன், பெட்டியில் வைக்கும்போதுதான் நான் கையெழுத்துப் போட்ட இன்னொரு காகிதம் நினைவுக்கு வந்தது.

போன ஆடியில் குத்தகைப் பதிவுக்குப் பக்கிரி மனுப் போட்டபோது, குத்தகையே கிடையாது, நானே இறங்கிப் பயிர் செய்கிறேன் என்று அப்பா தாசில்தாருக்கு எழுதவைத்து இடது கை ரேகை வைத்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. ஊரில் எல்லா மிராசுதாரும் அப்படித்தான் எழுதினார்கள், நானும் யோசிக்கவில்லை. பதினாறாம் தேதி விசாரணை, சாட்சி சொல்ல நான் போக வேண்டும். அப்பா படுக்கையில் இருப்பது ஊருக்கே தெரியும், காகிதத்தில்தான் இல்லாமல் இருந்தது. சர்டிபிகேட்டைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் மறுநாளே கிராமக் கணக்குப் பார்க்கும் கர்ணத்துக்குத் தெரியும், அவர் மூலம் தாசில்தாருக்கும், அப்புறம் பக்கிரியை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது. கொடுக்காவிட்டால் அதே பொய்யைத் தாசில்தார் முன்னால் வாயால் சொல்ல வேண்டும். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருஷம் பெஞ்சில் ஏற்றியவள் நான். வரி போனால் போகட்டும், கிழித்துப் போடு என்கிறார் அப்பா. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மனுப் போட்ட பிறகும் தினம் காலையில் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டுவது பக்கிரிதான், என்னால் ஆகாது. இன்றைக்கு முதுகு தேய்த்துக்கொண்டே, பதினாறாந் தேதி தாலுக்கா ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்கம்மா, அன்னிக்கு வெள்ளனவே வந்து ஐயாவைக் குளிப்பாட்டிட்டுப் போறேன் என்றான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் அடுத்த செம்புத் தண்ணீரை மொண்டு அவன் கையில் கொடுத்தேன்.

பதினான்காம் தேதிக்குள் கிடைக்கும்படி பதில் போடு. கவரில் போடு, கார்டு வந்தால் அப்பா படித்துவிடுவார். ஐயாறப்பர் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும். எது சரி என்று எனக்குத் தெரியும் அகிலா, அதை உன்னிடம் கேட்கவில்லை. செய் அம்மா என்று ஒருவர் சொன்னால் போதும்.

உன் அம்மா,
பிரகதாம்பாள்