குக்கருக்கு அடியில் ஒரு படகு

அம்மணி,

அடுப்பு மேல் பாத்திரத்தில் இருப்பது டீ இல்லை, குடித்துவிடாதே. நம் பயண ஆல்பத்துக்குப் பழைய காலத்துக் களை வரட்டும் என்று, அரை மூட்டை டீத்தூளைக் கொதிக்கவிட்டுத் தாள்களை முக்கினேன். ஒரே மணி நேரத்தில் நூறு வயது கூடிவிட்டது. நீ குடித்தால், என்னைவிட இளையவள் என்கிற பெருமை போய்விடும்.

"மூணாம் நாள் படங்களை மட்டும் ஒட்டாதீங்க, ஒட்டினா உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று நேற்று சொன்னாய். இன்று காலை ஒட்டிவிட்டேன்.

அன்றைக்குத் தப்பான படகில் உன்னை ஏற்றியது நான்தான். நாள் முழுக்க நீ அந்த முனை, நான் இந்த முனை. ஆனால் உன் போனில் இருந்த படங்களைப் பிரிண்ட் போட்டபோதுதான் பார்த்தேன். அத்தனை கோபத்திலும், திமிங்கலம் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்து நான் தூங்குவதை எடுத்திருக்கிறாய். நானும் உன்னைத் திருட்டுத்தனமாக எடுத்திருந்தேன், பனிமூட்டத்துக்குள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டினேன். உள்ளங்கை அளவு ஆல்பம்தானே, மூடினால் படகின் இரண்டு முனையும் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொள்கின்றன. நடுவில் இருந்த கடல் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

பசை காய்வதற்காக ஆல்பத்தின் மேலே குக்கரை வைத்திருக்கிறேன். சாயங்காலம்வரை எடுக்காதே.

சாப்பாடு மேஜையில். ஆல்பத்தைக் கட்ட ரிப்பன் வாங்கப் போகிறேன்.

அட்டையில் இருக்கும் லேஸ் உன் பழைய பாவாடையுடையது. அதற்குத் தனியாகத் திட்டு.

என் சாவியை ஆணியிலேயே விட்டுப் போகிறேன், வேண்டுமென்றேதான். வந்து மணியடிப்பேன். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேள். அதைப் பேச்சில் சேர்த்துக்கொள்கிறேன்.