புல்வெளி இருந்த இடம்

சான் அன்டோனியோ,
மே மாதம்

அன்புள்ளவனுக்கு,

நீ கிளம்பிப் போன கோடையில், புல்லுக்குத் தண்ணீர் விடக் கூடாதென்று நகராட்சி தடை போட்டது. உன் புல்வெளி கருகியது. அதைக் கொத்திப் போட்டுவிட்டு, மழையில்லாமலும் தழைக்கும் நம் டெக்ஸஸ் காட்டு எருக்கை நட்டேன்.

இந்த வசந்தத்தில் புழுக்கள் இலைகளைத் தின்று செடிகளை மொட்டையடித்தன. பக்கத்து வீட்டு டார்லா மருந்தடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எல்லாத்தையும் பூச்சி தின்னுடுச்சுடி."

"அதுங்க தின்னத்தான் நட்டேன். பம்பைக் கீழ வை."

நேற்றுக் காலை வேலியெங்கும், அந்தப் புழுக்களின் கூடுகளிலிருந்து வெளிவந்த செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் சிறகு உலர்த்தின. டார்லா காபிக் கோப்பையோடு வந்து வெகுநேரம் நின்றாள். "காய் வெடிச்சதும் எனக்கும் கொஞ்சம் விதை குடு" என்றாள்.

திரும்பி வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. உன் வண்டி நின்ற இடத்திலும் நட்டிருக்கிறேன். தெருவில் நிறுத்திவிட்டு, செடிகளை மிதிக்காமல் நடந்து வா.

இன்னும்
உன் மனைவி