அண்டா கேட்டு வந்தவள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் தான் இருப்பதைச் சொல்லிக்காட்டும். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறேன். நல்ல சேதி நிறைய இருக்கிறது, ஆனால் நீ கோபப்படப்போகும் சேதியை முதலில் எழுதிவிடுகிறேன். அருங்காட்சியகத்திலிருந்து வண்டி வந்தது, காலியாகத் திரும்பிப் போனது, திருப்பி அனுப்பியவன் நான்தான். நம் வீட்டு ஹாலில் கிடந்த தெரு அண்டாக்களைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, கீழே அம்மா பெயரையும் எழுதி வைக்கச் சொல்லி நீ அங்கிருந்து யார் யாரையெல்லாம் பிடித்தாய் என்பது எனக்குத் தெரியாததல்ல. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு, பாதியில் ஆரம்பிக்காதே.

அந்த அண்டாக்களின் கதை உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். மில் வேலைக்கு வந்து இந்தத் தெருவில் முதலில் குடியேறியவர்கள் யாரிடமும் பெரிய பாத்திரம் கிடையாது. ஒரு வீட்டில் நசுங்கிய செம்பு, ஒரு வீட்டில் ஓட்டைக் குடம், இன்னொரு வீட்டில் பிடி போன கரண்டி என்று ஆளுக்குக் கொஞ்சம் பித்தளை போட்டு உருக்கி அந்த இரண்டு அண்டாவையும் செய்துகொண்டார்கள். எவர்சில்வர் தட்டும் தம்ளரும் பிறகு சேர்ந்தவை. அவற்றை வைக்கத் தனி அறையும் கிடையாது, பூட்டும் கிடையாது. கடைசியாக யார் வீட்டு விசேஷத்துக்குப் போனதோ அங்கேயே இருக்கும், அடுத்த வீட்டுக்காரர் வந்து கேட்டு எடுத்துப் போவார், நல்லதானாலும் கெட்டதானாலும் அதுதான் வழக்கம். அம்மாவின் காரியத்துக்கு நம் வீட்டுக்கு வந்தது, அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நானும் பெரிய அண்டாவில் பழைய பேப்பரைப் போட்டு வைத்தேன், பின்வீட்டுப் பூனை அதைப் பிரசவ ஆஸ்பத்திரியாக்கிக்கொண்டது. தெருவில் விசேஷம் நடக்காமலா இருந்தது, எல்லாம் நடந்தது, காண்டிராக்ட் சமையல்காரர் வண்டியில் சாப்பாட்டைக் கொண்டுவந்து இறக்குவார், பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் தம்ளர், சாப்பிட்டு எழுந்தால் தெரு முழுக்கக் குப்பை. அதெல்லாம் சாக்கடையை அடைத்துக்கொண்டு, போன மழைக்குக் கடைசி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நான் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, சரி, இனிமேல் அண்டாவும் வேண்டாம் அண்டா வைத்திருக்கிற கிழவனும் வேண்டாம் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அந்தப் பொருமலில்தான் உன் யோசனைக்குத் தலையாட்டினேன் என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்.

வண்டி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஊசி வந்தாள். சைக்கிள் கடைக்காரர் மகள், நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து தெருவே ஊசி என்றுதான் கூப்பிடுகிறது, அவளும் என்ன என்று திரும்புகிறாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், பத்திரிகை வைக்க வந்திருக்கிறாள் என்று நாற்காலியைத் தட்டிப் போட்டேன். அவள் உட்காரவில்லை. "பெரியப்பா, எங்க வீட்டு விசேஷத்துக்கு அண்டா வேணும்" என்றாள். நீ கல்யாணப் பெண், இது துக்கத்துக்கு வந்து நின்றுபோன பாத்திரம், உன் அப்பா அம்மா ஏதாவது நினைப்பார்கள், நன்றாக யோசித்துக்கொள் என்று சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரியம்மா கடைசியா இந்தத் தெருவுக்குச் சோறு போட்டது இதுலதான் பெரியப்பா. அதுல எனக்கு ஆகாதது என்ன இருக்கு?" நான் அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்ணோ அதைப் பார்க்காதவள் மாதிரி பூனைக்குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடையில் மாற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

பிறகு பேச்சுவாக்கில்தான் விஷயம் தெரிந்தது. தெருக்காரர்கள் அண்டாவை மறக்கவே இல்லையாம், ஒவ்வொரு விசேஷத்துக்கும் கூடிப் பேசினார்களாம், அவர் இன்னும் பெண்டாட்டி புடவையைக்கூடக் கொடியிலிருந்து எடுக்கவில்லை, எந்த முகத்தோடு போய்ப் பாத்திரம் கேட்பது என்று ஆளுக்கு ஆள் தயங்கினார்களாம். கடைசியில் டீக்கடைக்காரரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் வந்தார், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, உட்கார்ந்தார், காபி குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், பேப்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் ஏன் கேட்கவில்லை என்று நான் மனக்கசப்பில், எப்படிக் கேட்பது என்று அவர்கள் சங்கடத்தில், நடுவில் பிளாஸ்டிக் தட்டுக்காரனுக்கு நல்ல காலம். நல்லவர்கள் கூடினால் இப்படித்தான் காரியம் கெடும் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் ஈயம் பூசுகிறவரை ஊசியே தேடிப்பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள், சும்மா கிடந்த பித்தளையில் உள்பூச்சு போயிருந்தது, அப்படியே சமைத்தால் கல்யாணச் சாப்பாடு ஆஸ்பத்திரிச் சாப்பாடாகிவிடும் என்று அவளுக்குப் பயம். அவர் தெருமுனையில் துருத்தி போட்டு உட்கார்ந்ததுதான் தாமதம், பரண்மேல் கிடந்த பழைய பாத்திரமெல்லாம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கி வந்தது. டீக்கடைக்காரரும் ட்யூஷன் டீச்சரும் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அருங்காட்சியக வண்டி வந்து நின்றது. கையில் துணி உறை மாட்டிக்கொண்டு ஒரு அம்மாள் இறங்கினார். வரச் சொல்லிவிட்டு இப்படிச் செய்தவனை யார்தான் சும்மா விடுவார்கள். இது என் பொருள் இல்லை அம்மா, தெருவில் ஒவ்வொரு வீட்டுப் பித்தளையும் இதில் இருக்கிறது, தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்ததே தப்பு என்று கும்பிட்டுச் சொன்னேன். அவர் சுற்றி வந்து பார்த்தார், ஒடுக்கு விழுந்த இடங்களையெல்லாம் தடவிப் பார்த்தார். "சார், கண்ணாடிக்குள்ள வைக்க எங்ககிட்ட நிறைய இருக்கு. அடுப்புல ஏறுறது ஒண்ணுகூட இல்ல" என்றார். அப்புறம், தப்பாக நினைக்காவிட்டால் கல்யாணத்துக்கு நானும் வரலாமா என்று கூச்சத்தோடு கேட்டார். வந்தார், வந்ததோடு நிற்காமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டும் கழுவினார். அவரை ஏற்பாடு செய்ததற்கு உனக்கு நன்றி, நீ தேடிப்பிடித்த ஆள் சோடை போகவில்லை.

கல்யாணத்தன்று நீ இந்தத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் தட்டு கழுவும் முறைக்கு வர வேண்டும் என்று ஊசி முன்பே சொல்லி வைத்திருந்தாள், வாடகைக்கு வந்த புதுக் குடித்தனக்காரர்கள் எங்களை ஏன் விட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார்கள், அவர்கள் வீட்டிலிருந்தும் ஒரு பித்தளை விளக்கின் உடைந்த அடிப்பாகத்தைக் கொண்டுவந்து, அடுத்த தடவை கரண்டி அடிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார்கள். பந்தி முடிந்து மிஞ்சிய குப்பை ஒரு சின்னக் கூடைதான், துப்புரவுத் தொழிலாளி வந்து பார்த்துவிட்டு இங்கே கல்யாணம் நடந்ததா இல்லையா என்று கேட்டார். எனக்குப் பந்தியில் முதல் இடம், நான் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. அண்டா இப்போது சைக்கிள் கடைக்காரர் வீட்டில் இருக்கிறது, அடுத்த மாதம் தையற்காரர் வீட்டு விசேஷத்துக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. தெருவே சேர்ந்து செய்ய முடியாததை ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டாள்.

அதை நினைத்துக்கொண்டே இருந்ததில் இன்னொன்றும் புரிந்தது, சொன்னால் வருத்தப்படாதே. அம்மா போன பிறகு நீ வரவே இல்லை. போன விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தாய், வேலை இருக்கிறது என்று ரத்து செய்தாய், நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். அம்மா இல்லாத வீட்டில் எப்படிக் கால் வைப்பது என்று உனக்கு, வா என்று சொன்னால் பிள்ளை தவித்துப்போவாளே என்று எனக்கு. இதில் தெருக்காரர்களைப் பார்த்துச் சிரித்து என்ன பயன், நாமும் அதே ரகம்தானே. வாயைத் திறந்து கேட்க யாராவது ஒருவர் வேண்டும் அம்மாடி, இந்தத் தடவை அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நீ அழுதால் அழு, நானும் சேர்ந்து அழுகிறேன், ஆனால் வந்து அழு.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் வாழ்த்த நீண்ட நாள் நன்றாக இருங்கள். அங்கே குளிர் என்று எழுதியிருந்தாய், குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்கிப் போகாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். டிக்கெட் எடுக்க மறந்துவிடாதே.

கேட்டுவிட்ட தைரியத்தில்,
உன் அப்பா