ஒலிப்பெட்டி எடுத்த வீட்டு அழைப்பு

அனுப்புநர்:
வானொலி நாடகக் குரல் கலைஞர்,
மாடி வீடு, அச்சகத்துக்கு எதிரில்.

பெறுநர்:
கோட்டப் பொறியாளர் அவர்கள்,
தொலைபேசி அலுவலகம்.

பொருள்: வீட்டு ஒலிப்பதிவுக்கான ஐ.எஸ்.டி.என். இணைப்பில் எண் தவறாகப் பதிந்ததால் என் மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோனமை – சான்று வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வானொலி நாடகத்தில் கொடுமைக்காரத் தகப்பன் வேடம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கால் தேய்ந்து நிலையம்வரை போக முடியாததால், வீட்டிலிருந்தே பேசத் தங்களிடம் இந்த இணைப்பைப் பெற்றேன். ஒரே கம்பியில் இரண்டு எண்கள். ஒன்று கூடத்துத் தொலைபேசிக்கு, மற்றது என் அறையில் மைக்கோடு சேர்ந்த ஒலிப்பெட்டிக்கு. நிலையத்தார் அழைத்தால் பெட்டி மணியடிக்காமல் தானே எடுத்துக்கொள்ளும்.

2. இணைப்புக் கொடுத்த ஊழியர் தங்கமான மனிதர், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இரண்டு எண்களையும் பெட்டியிலேயே பதித்துவிட்டுப் போய்விட்டார். கல்யாணத் தேதி பேச மாப்பிள்ளையின் தாயார் வீட்டு எண்ணுக்கு அழைத்தபோது பெட்டி எடுத்துவிட்டது. ஒலி அளவு பார்ப்பதற்காக மைக்கைத் திறந்துவைத்தே ஒத்திகை பார்ப்பது என் வழக்கம். அந்த அம்மாள் "ஹலோ, ஹலோ" என்றதெல்லாம் ஆணியில் தொங்கிய ஹெட்போனுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

3. அவர் காதில் விழுந்தவை: "அழுது காரியம் சாதிக்கலாம்னு பாக்குறியா?" "வாசப்படி தாண்டினா காலை ஒடிச்சிருவேன்!" எதிர்ப் பாத்திரத்தின் வசனத்துக்கு நான் இடைவெளி விடுவேன். அந்த இடைவெளியில் என் மகள் விம்முவதாக அவர் நினைத்துக்கொண்டார். கேட்டதை ஒரு வரி விடாமல் கல்யாணத் தரகரிடம் ஒப்பித்து, "அந்த வீட்டுச் சகவாசமே வேண்டாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

4. ஊழியர் திரும்ப வந்து எண்ணைச் சரிசெய்துவிட்டார். நான் வேண்டுவது, அந்த அழைப்பு இணைப்புக் கோளாறால் ஒத்திகைக்கு நடுவே போய்ச் சேர்ந்தது என்று முத்திரையிட்ட ஒரு சான்று மட்டுமே. நான் மோசமான தகப்பன் இல்லை என்று தொலைபேசித் துறையிடம் எழுதி வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறேன், மானம் போகிறது ஐயா.

5. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தரகர் சொன்ன வசனங்களை என் மனைவி நாடகப் பிரதியோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன, ஒன்றைத் தவிர. "ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்ல. உன்னைப் பெத்ததுக்கு ரெண்டு மாடு வாங்கியிருந்தா பாலாவது குடுத்திருக்கும்." இது ஒத்திகை முடிந்தும் மைக்கை மூடாமல், கூடத்தில் இருந்த மகளை நோக்கி நான் கத்தியது.

"இது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றாள் மனைவி. மகள் குறுக்கிட்டு, "விடும்மா, எது நாடகம், எது அப்பான்னு எனக்கே பல நாள் தெரியாது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

6. ஆகவே அந்த ஒரு வாக்கியத்துக்குத் துறை பொறுப்பேற்க வேண்டாம். சான்று கிடைத்ததும் நானே படியேறிப் போய் அந்த அம்மாளிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். மகளிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

தங்கள் வேலை அல்ல என்றாலும் ஒரு வேண்டுகோள். மைக் திறந்திருக்கும்போது எரியும்படி, அறைக் கதவுக்கு வெளியே அந்த ஊழியர் ஒரு சிவப்பு விளக்கு மாட்டித் தந்தால் புண்ணியமாகப் போகும். எரியும்போது நான் கத்துவது பிழைப்பு என்று மகள் தெரிந்துகொள்ளட்டும். எரியாதபோது கத்தினால் எனக்கு யாரும் சான்று தர வேண்டாம்.

இடம்: மேற்படி வீடு
நாள்: திங்கட்கிழமை

இங்ஙனம்,
தலைகுனிந்து,
(ஒப்பம்)
பெண்ணின் தகப்பன்